கற்றவர் எனப்படுவோர் யார்?

(நாகலூரில் நடைபெற்ற நமது கல்விச் சங்க வெள்ளி விழாவில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு சங்கம் நிலைத்து நிற்பது எளிய செயலன்று. செல்வர் கூடி அமைத்த சங்கமாயின் அதில் வியப்பில்லை. தினக்கூலியில் மிச்சம்பிடித்துச் சந்தா கொடுத்தோர் அமைத்த சங்கம் இது. ஆதலின் அதன் ஒவ்வோர் ஆண்டும் பெருமைக்குரியது. சற்றுமுன் செயலாளர் படித்த ஆண்டறிக்கையில் பட்டம் பெற்றோர், ஆசிரியப் பயிற்சி முடித்தோர், அரசுப் பணியில் அமர்ந்தோர் ஆகியோரின் பெயர்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொரு பெயருக்கும் நாம் கைதட்டினோம். தட்டவேண்டியதே. ஆயினும் கைதட்டல் அடங்கியபின் ஒரு வினா எழுகின்றது. இப்பட்டியலில் உள்ளோர் அனைவரும் கற்றவர்கள்தாமா? இதில் இடம்பெறாத நம் தாய் தந்தையர் அனைவரும் கல்லாதவர்கள்தாமா? கற்றவர் எனப்படுவோர் யார்?

இவ்வினாவையே இன்றைய உரைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டோம். விழா மேடைக்கு இது இனிப்பான பொருளன்று. ஆயினும் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் இச்சங்கம் எத்திசையில் செல்லவேண்டும் என்பது இதற்கான விடையைப் பொறுத்தது.

திருவள்ளுவர் தம் நூலில் நாற்பதாம் அதிகாரத்திற்குக் கல்வி என்று பெயரிட்டார். அடுத்து கல்லாமை, அதனையடுத்து கேள்வி, அதன்பின்னரே அறிவுடைமை என முறைப்படுத்தினார். கல்வி ஓர் அதிகாரம். அறிவுடைமை வேறோர் அதிகாரம். இரண்டும் ஒன்றேயாயின் இரு தலைப்புகள் வேண்டியதில்லை. இடையில் கேள்வி நிற்பதையும் நோக்குக. ஏடு படிக்க வாய்ப்பற்றவரும் சான்றோர் சொற்களைச் செவிவழி கேட்டு அறிவு பெறக்கூடும். எனவே சான்றிதழ் ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளுதல் தமிழ் மரபுக்கு உடன்பாடன்று. அளவுகோல் வேறு எதுவாக இருக்கலாம்? மூன்று அடையாளங்களை உங்கள் முன் வைக்கின்றோம்.

முதல் அடையாளம்: தம் வாழ்வைத் தாமே படித்தறிதல்

சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்னும் ஆங்கிலேயர் 1820களில் இம்மலைக்குக் காப்பிச் செடியைக் கொணர்ந்தார் என்று வரலாறு கூறுகின்றது. துரையின் பெயர் ஏட்டில் ஏறியது. செடி நட்டவர், களை எடுத்தவர், பழம் பறித்தவர், மூட்டை சுமந்தவர் ஆகியோரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. செக்ரோலில் மட்டும் அவர்கள் இருந்தனர். அந்தச் செக்ரோலை எழுதியவரும் அவர்கள் அல்லர். படிக்கக்கூடியவரும் அவர்கள் அல்லர். பிறர் எழுதினர், பிறர் கூட்டினர், பிறர் படித்துக் காட்டினர். நம் முன்னோர் கைநாட்டு வைத்தனர்.

கைநாட்டு வைத்தவன் எதையெல்லாம் இழந்தான் என்பதற்கு நம் மாநில வரலாற்றிலேயே பெரிய சான்று உண்டு. 1891ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரெமென்ஹீர், அம்மாவட்டத்துப் பறையர் மக்களின் இழிநிலையை விளக்கிச் சென்னை அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30 அன்று அரசு ஆணை பிறந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் வழங்குவது அதுவே. அந்நிலத்தை முதல் பத்தாண்டுகள் எவருக்கும் விற்கக்கூடாது. பின்னர் விற்பதாயினும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கவேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. இதனினும் தெளிவான பாதுகாப்பு வேறென்ன வேண்டும்? எனினும் அந்நிலங்களில் பெரும்பகுதி இன்று பிறர் கையில் உள்ளது. வறுமையும் அச்சுறுத்தலும் இதற்குக் காரணங்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஆணையில் இருந்த நிபந்தனையை உரியவன் படிக்க இயலாமற் போனதும் ஒரு பெருங்காரணம். சட்டம் காவல் நின்றது. காவல் நிற்கிறது என்பதே வீட்டுக்காரனுக்குத் தெரியவில்லை.

எனவே கற்றவர் என்பதன் முதல் அடையாளம், தம் வாழ்வைப் பற்றிய தாளைத் தாமே படித்துப் பொருள் உணர்தல். பழம் பறித்த மூட்டை தராசில் ஏறும்போது அன்னையின் அருகில் நின்று எடையைக் குறித்துக்கொள்ளும் ஏழாம் வகுப்புச் சிறுமி கற்றவள். தந்தையின் வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் மாதந்தோறும் பணம் ஏறுகின்றதா என்று பார்க்கத் தெரிந்தவன் கற்றவன். தொடர்ந்து ஐந்தாண்டுகள் பணியாற்றிய நிலையான தொழிலாளி பணி நீங்கும்போது பணிக்கொடை பெற உரியவர். ஆண்டு ஒன்றுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்பது அதன் கணக்கு. முப்பது ஆண்டுகள் உழைத்த பாட்டிக்கு இக்கணக்கைப் போட்டுக் காட்டத் தெரியாத பட்டதாரியின் பட்டம் எதற்கு? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம்மவர் சொன்னது படிப்பைப் பழிப்பதற்கன்று. படித்ததை அடுப்படி வரை கொண்டுவருக என்று நமக்கு நினைவூட்டவே அவ்வாறு சொன்னார்கள்.

இரண்டாம் அடையாளம்: தம்மைக் குறித்து நாணாமை

இரட்டைமலை சீனிவாசன் அவர்களின் பெயரை இங்குள்ள இளைஞர்கள் அறிவீர்கள். 1930இல் இலண்டனில் கூடிய வட்டமேசை மாநாட்டில் டாக்டர் அம்பேத்கருடன் நம் மக்களின் சார்பில் அமர்ந்தவர் அவர். அத்தகைய பெருமகன் கோயம்புத்தூரில் மாணவராக இருந்த நாட்களைப் பற்றித் தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியிருக்கின்றார். ஏறத்தாழ நானூறு மாணவர் பயின்ற அவ்விடத்தில் பத்துப்பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். தம் குலமும் இருப்பிடமும் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி அவர் எவருடனும் நெருங்கிப் பழகவில்லை. பள்ளிக்கு வெளியே ஓரிடத்தில் அமர்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பின்னரே வகுப்பில் நுழைவார். வகுப்பு கலைந்ததும் பிற மாணவர் எட்டாதபடி விரைந்து வீடு திரும்புவார்.

அன்பர்களே, இச்செய்தியைப் படிக்கும்போது நம்முள் பலருக்கு நெஞ்சு குறுகுறுக்கும். ஊர் எது என்று கேட்டால் 'சேலம் பக்கம்' என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளும் இளைஞர்கள் இன்றும் உண்டு. நண்பனை வீட்டிற்கு அழைக்கத் தயங்குவோர் உண்டு. தாய் வேலை செய்யும் இடத்தைக் கேட்டால் விடை சொல்லாமல் பேச்சை மாற்றுவோர் உண்டு. அவர்களைப் பழிக்க நாம் முன்வரவில்லை. அந்த அச்சத்தை அவர்கள் உண்டாக்கவில்லை, பிறர் உண்டாக்கினர்.

ஆனால் சீனிவாசன் அந்த அச்சத்தோடு நின்றுவிட்டாரா? இல்லை. அதே மாணவர், 1893 அக்டோபரில் சென்னையில் ஓர் இதழ் தொடங்கினார். நான்கு பக்கங்கள் கொண்ட சிறு தாள். அதற்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'. எந்தப் பெயர் தெரியக்கூடாதென்று மாணவப் பருவத்தில் ஒதுங்கி நடந்தாரோ, அந்தப் பெயரையே கொட்டை எழுத்தில் அச்சிட்டு ஊரார் கையில் கொடுத்தார். இரண்டே நாட்களில் சென்னையில் ஏறத்தாழ நானூறு படிகள் விற்றன என்று அவரே குறித்துள்ளார். 1900ஆம் ஆண்டு வரை அவ்விதழ் நடந்தது.

அம்மாணவன் எப்போது கற்றவனானான் என்று எம்மைக் கேட்டால், கோவையில் தேறியபோது என்று சொல்லமாட்டோம். தன்னை மறைத்துக்கொள்ளும் தேவை தனக்கில்லை, குற்றம் தன் பிறப்பில் இல்லை என்று தெளிந்தபோதே அவன் கற்றவனானான். இத்தெளிவைத் தராத படிப்பு, நல்ல சட்டை அணிவிக்கும். நிமிர்ந்து நிற்கக் கற்பிக்காது.

நாணாமைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. பிறர் நம்மைத் தாழ்த்துவதை எதிர்க்கும் நாம், நமக்குள்ளேயே மேல் கீழ் பார்ப்பதில்லையா? பறையடிப்பவர், செருப்புத் தைப்பவர், துப்புரவு செய்பவர் என்று ஒருவரையொருவர் தள்ளிவைக்கவில்லையா? பட்டம் பெற்ற மகனுக்கு இத்தனை பவுன் என்று பட்டத்திற்கே விலை கூறவில்லையா? வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. படிப்பறியாத தாத்தா பரிசப்பணம் கொடுத்துப் பெண் எடுத்தார். படித்த பேரன் பணம் கேட்டுப் பெண் எடுக்கின்றான். இருவரில் கற்றவர் யார் என்பதை நீங்களே கூறுங்கள்.

படித்து என்ன கண்டோம்?

இவ்விடத்தில் ஒரு தாயின் குரல் நமக்குக் கேட்கின்றது. "ஐயா, நீங்கள் சொல்வதெல்லாம் சரி. கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்கவைத்தேன். அவனும் பட்டம் வாங்கினான். இன்று என்னோடு வந்து காப்பிப் பழம் பறிக்கின்றான். படித்து என்ன கண்டோம்?" இதற்கு விடை சொல்லாமல் மேடையை விட்டு இறங்குதல் நேர்மையன்று.

டாக்டர் அம்பேத்கரின் வாழ்வையே சான்றாகக் கொள்வோம். பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று 1913இல் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அவர். உதவித்தொகைக்கு ஈடாகப் பணிபுரிய 1917இல் பரோடா சென்றார். தங்குவதற்கு அவ்வூரில் ஒருவரும் இடம் தரவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பெயரை மாற்றிக்கொண்டு தங்கினார். சில நாட்களில் உண்மை தெரிந்தது. தடிகளோடு வந்தோர் அவரை வெளியேற்றினர். அன்று நாட்டிலேயே மிக உயர்ந்த படிப்பைப் படித்தவர்களுள் ஒருவர், தலைசாய்க்க இடமின்றி ஒரு பொதுத் தோட்டத்து மரத்தடியில் அமர்ந்திருந்தார்.

பட்டம் எல்லாக் கதவுகளையும் திறந்துவிடும் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்வோமாயின் அது பொய். அவருக்கே திறக்கவில்லை. ஆனால் அவர் அதன்பின் செய்தது யாது? படித்தது வீண் என்று நூல்களை மூடிவைக்கவில்லை. பம்பாயில் கல்லூரிப் பேராசிரியராகப் பணியாற்றிப் பணம் சேர்த்து, 1920இல் மீண்டும் இலண்டன் சென்று பொருளியலும் சட்டமும் முடித்துத் திரும்பினார். கதவு திறக்காத காரணத்தை ஆராய்ந்தார், ஆராய்ந்ததை எழுதினார், எழுதியதை வாதிட்டார். தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவைக் கொண்ட அரசியல் சட்டத்தை வரைந்த குழுவுக்குத் தலைவராக அமர்ந்தார்.

எனவே அந்தத் தாய்க்கு நமது விடை இதுதான். அம்மா, உன் மகன் வேலை பெறாதது அவன் படிப்பின் குற்றமன்று. காலியிடங்கள் குறைவு, போட்டி மிகுதி, பரிந்துரைக்க நமக்கு ஆளில்லை. இவற்றை மாற்ற முயலவேண்டும். அம்முயற்சியைச் செய்யவும் படித்தவனே வேண்டும். பழம் பறிப்பது இழிவன்று. பறித்துக்கொண்டே அவன் தேர்வுக்குப் படிக்கின்றானா, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருகின்றானா என்று பார். தருகின்றான் எனில் உன் பணம் வீணாகவில்லை.

மூன்றாம் அடையாளம்: கற்பித்தல்

1924ஆம் ஆண்டில் அம்பேத்கர் பம்பாயில் ஒடுக்கப்பட்டோர் நலச் சபையைத் தொடங்கியபோது அதன் முழக்கமாக அமைந்த மூன்று சொற்களை நாம் அனைவரும் அறிவோம். நம் சங்கத்தின் சுவரிலும் அவை எழுதப்பட்டுள்ளன. அவற்றுள் முதற்சொல் தமிழில் எவ்வாறு வழங்குகின்றது? 'கற்பி' என்று வழங்குகின்றது. 'கல்' என்று வழங்கவில்லை. 'கல்' என்பது தனக்கு. 'கற்பி' என்பது பிறர்க்கு. ஆண்டுக்கணக்கில் அச்சுவரைக் கடந்து செல்லும் நாம் இவ்வேறுபாட்டைக் கவனிக்கத் தவறக்கூடாது. கற்றவன் கற்பிக்கும்போதுதான் அவன் கல்வி நிறைவடைகின்றது.

சிதம்பரத்தை நோக்குங்கள். ஆரணிப் பக்கத்தில் 1890இல் எளிய குடும்பத்தில் பிறந்த முனுசாமி என்பார், துறவு பூண்டு சகஜானந்தர் ஆனார். துறவிக்கு வீடு வேண்டாம்; வேலை வேண்டாம். தம் வீடுபேற்றை மட்டும் எண்ணி அவர் அமர்ந்திருக்கலாம். அவ்வாறு அமரவில்லை. 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1959இல் மறையும் வரை அதுவே அவர் தவமாக இருந்தது. அப்பெயரைத் தாங்கிய பள்ளிகள் சிதம்பரத்தில் இன்றும் நடக்கின்றன.

எம்.சி. ராஜா அவர்களும் பள்ளியாசிரியராக வாழ்வைத் தொடங்கியவரே. பின்னர் சென்னைச் சட்டமன்றத்தில் நம் மக்களின் குரலானார். பொதுச் சாலைகளும் கிணறுகளும் அனைவர்க்கும் உரியன என்று அம்மன்றம் 1924இல் தீர்மானம் இயற்றியபோது, ராஜா, சீனிவாசன், வீரையன் ஆகியோர் அங்கு உறுப்பினராக இருந்தனர். படித்தவர் சிலரே அன்று நம்மிடம் இருந்தனர். ஆனால் இருந்த சிலரும் பலருக்காகப் படித்தனர்.

ஒரு சிறுமியையும் குறிப்பிடவேண்டும். பூனாவில் ஜோதிராவ் புலேயும் அவர்தம் துணைவியார் சாவித்திரிபாயும் நடத்திய பள்ளியில் முக்தா சால்வே என்னும் பதினான்கு வயதுப் பெண் படித்தாள். ஒடுக்கப்பட்ட மாங் வகுப்பில் பிறந்தவள். மூன்றாண்டுப் படிப்பே அவள் பெற்றது. 1855இல் தன் மக்கள் படும் துயரை அவள் ஒரு கட்டுரையாக எழுதினாள். 'ஞானோதயா' என்னும் இதழ் அதனை வெளியிட்டது. மூன்றாண்டுப் படிப்பைக் கொண்டு தன் மக்களுக்காக எழுதியவளுக்கும், பதினைந்தாண்டுப் படிப்பைக் கொண்டு தனக்கொரு விண்ணப்பம் மட்டும் எழுதுபவனுக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள்.

1956 மார்ச் மாதத்தில் ஆக்ராவில் பேசிய அம்பேத்கர், படித்தோர் சமுதாயத்திற்குத் தொண்டாற்றுவர் என்று தாம் நம்பியதையும், அவர்கள் தம் வயிற்றை நிரப்புவதிலேயே நின்றுவிட்டதையும் சொல்லி மனம் நொந்தார். அவ்வாண்டு டிசம்பரில் அவர் மறைந்தார். நம்மைப் போன்ற படித்தவர்கள்மேல் அவர் வைத்துச் சென்ற அந்தக் குறை இன்னும் தீர்க்கப்படாமல் கிடக்கின்றது.

இனிச் செய்யவேண்டுவன

நாம் ஏறி வந்த தொலைவைக் குறைத்து மதிப்பிடவேண்டாம். 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டின் பட்டியல் சாதியினரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு 10 பேர். பெண்களில் 3 பேர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 66 ஆகவும், பெண்களில் 56 ஆகவும் உயர்ந்தது. தமிழ்நாட்டில் நம் மக்களின் எழுத்தறிவு அவ்வாண்டில் 73. மாநிலம் முழுமைக்கும் 80. ஏறியது பெரிது, எஞ்சியதும் சிறிதன்று. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால்தான் ஏற்காடு வரும். பத்தாவது வளைவில் நின்று கீழே பார்த்து மகிழலாம். ஆனால் ஊர் இன்னும் மேலேதான் இருக்கின்றது.

இம்மலையில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் புகழ்பெற்ற பள்ளிகள் உள்ளன. மான்ட்போர்ட் பள்ளி 1917இல் தொடங்கியது. தொலைதூர ஊர்களிலிருந்து பிள்ளைகள் இங்கு படிக்க வந்தார்கள். அப்பள்ளி மணியின் ஓசை காற்றில் வரும்போது நம்மவர் காப்பிச் செடிகளுக்கிடையே குனிந்திருந்தனர். ஓசை கேட்டது, வாசல் தொலைவில் இருந்தது. இன்று ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வி அடிப்படை உரிமை. அதற்கான சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. வாசல் அருகில் வந்துவிட்டது. உள்ளே நுழைவதும் நிலைப்பதும் நம் கடமை.

எனவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

ஒன்று: கார்த்திகை மார்கழியில் பழம் பறிப்பு உச்சத்தில் இருக்கும்போதே அரையாண்டுத் தேர்வும் வருகின்றது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் பழம் பொறுக்கவும் பிள்ளைகள் நின்றுவிடுகின்றனர். பத்துநாள் விடுப்பு ஒரு மாதமாகி, ஒரு மாதம் படிப்பு நிறுத்தமாகிவிடுவதைப் பள்ளி வருகைப் பதிவேட்டில் ஆண்டுதோறும் காண்கின்றோம். அம்மாதங்களில் மாலை வகுப்பும், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் சங்கக் கட்டடத்தில் நடைபெறவேண்டும். கல்லூரி மாணவர்கள் முறைவைத்து வரவேண்டும்.

இரண்டு: சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், உதவித்தொகை விண்ணப்பம் ஆகியவற்றிற்காக ஒரு தாய் எத்தனை நாள் கூலியை இழந்து அலைகின்றாள்! ஒரு தாள் குறைந்ததென்று திருப்பியனுப்பப்பட்டவர் பலர். முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்வியில் கல்விக் கட்டணச் சலுகை 2010-11 முதல் இருந்தும் அறியாமல் கட்டணம் செலுத்தியோரும் உண்டு. கிழமைக்கு ஒருநாள் மாலை, படித்த இருவர் சங்கத்தில் அமர்ந்து இவ்விண்ணப்பங்களைச் சரிபார்த்துக் கொடுக்கட்டும். இதற்குப் பணம் வேண்டாம், மனம் போதும்.

மூன்று: பெண் பிள்ளைகளின் படிப்பைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தும் வழக்கம் இம்மேடையோடு முடியட்டும். மேல்நிலை வகுப்புக்குப் பேருந்தில் செல்லவேண்டியிருக்கின்றது, வழியில் அச்சம் என்பர். அச்சம் உண்மையெனில் ஐந்து பெண்களைச் சேர்த்து அனுப்புவோம். ஊரார் ஒருவர் உடன் செல்வோம். படிப்பை நிறுத்துவது அச்சத்திற்கு மருந்தன்று.

இளைஞர்களே! சங்கத்தின் உதவியால் படித்து வெளியூர் சென்றோரை இங்கேயே இருங்கள் என்று நாம் கேட்கவில்லை. செல்லுங்கள், உயருங்கள், நல்ல வீடு கட்டுங்கள். உயர்வதில் குற்றமில்லை. ஆனால் ஏறிய ஏணியை மேலே இழுத்துக்கொள்ளாதீர்கள். ஆண்டுக்கு ஒரு பிள்ளையின் படிப்பை உங்கள் பொறுப்பாக ஏற்றுக்கொள்ளுங்கள். அப்பிள்ளைக்குப் பணம் அனுப்புவதோடு நில்லாமல், ஊர் எது என்று எவரேனும் கேட்டால் 'நாகலூர்' என்று உரக்கச் சொல்லவும் கற்றுக்கொடுங்கள்.

பொன்விழா வரும்போது ஆண்டறிக்கையில் பட்டம் பெற்றோர் பட்டியலுக்கு அருகே வேறொரு பட்டியலும் இடம்பெறவேண்டும். யார் யாரைப் படிக்கவைத்தார் என்னும் பட்டியல் அது. அன்று அதனைப் படிக்கும்போது இம்மேடையில் இருக்கும் நம்மில் பலர் இருக்கமாட்டோம். அப்பட்டியல் நீளமாக இருக்குமாயின், கற்றவர் யார் என்னும் இன்றைய வினாவை எவரும் எழுப்பவேண்டியிராது.